ஓகஸ்டில் கடலுக்குப் போகாத நித்தியானந்தன்

ஹோம்புஷ் ஸ்டேஷனுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு செங்கல் பிளாட்டின் மேல்மாடியில் குடியிருந்த நித்தியானந்தனிடம் படகைப் பற்றி வாய் தவறி ஒரு கேள்வி கேட்டவர்கள் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு போய்ச் சேர்ந்ததில்லை. எழுபதுகளின் நடுப்பகுதியில் சிட்னித் தமிழர் எல்லோரையும் ஒரு சேர்ச் மண்டபத்துக்குள் அடக்கிவிடலாம். தீபாவளிக்கு அப்படி அடங்கிய அத்தனை பேருக்கும், கரீபியன் கடலில் குடும்பத்தோடு பாய்ப்படகில் போவது எப்படி என்று அவர் பாடம் எடுத்து முடித்திருந்தார். கேட்டவர்களில் ஒருவருக்கும் அந்தப் பக்கம் போகும் எண்ணம் கிடையாது. அதைவிடப் பெரிய பகிடி, சொன்னவரும் அதுவரை அங்கே போனதில்லை.

"பெட்டி கொண்டு போகாதேங்கோ. படகிலை பெட்டி வைக்க இடமில்லை. துணிப் பைதான் சரி, வெறுமையானால் மடிச்சுத் தலைமாட்டுக்கை வைச்சுப் படுக்கலாம்," என்பார். "முதல் நாள் பாய் விரிக்கப்படாது. கரையிலையே கட்டி வைச்சு எல்லாரும் ஒருக்கா ஏறி இறங்கிப் பழகவேணும். தலைவன் ஒராள்தான். வீட்டிலை ஆர் பெரியவர் எண்டது அங்கை செல்லாது." அதற்குள் வடையை எடுத்துக்கொண்டு நழுவப் பார்ப்பவரைக் கையில் பிடித்து நிறுத்தி, "ரெண்டு சம்பந்தியை ஒரு கேபினுக்கை போட்டிடாதேங்கோ," என்று முடிப்பார். மனைவி இராஜேஸ்வரி தூரத்தில் நின்று கண்ணால் சைகை காட்டுவாள். அவர் கண்டால்தானே.

மனிதர் பாலம் கட்டும் கம்பெனி ஒன்றில் படம் வரைகிறவர். படம் வரைகிறவர்களுக்கே உள்ள கவனம் அவரிடம் இரண்டு பங்கு. கடையில் வாங்கிய அரிசிப் பையை இரட்டை முடிச்சுப் போட்டுத்தான் தூக்குவார். வெயில் கொளுத்தும் நாளிலும் கையில் குடை இருக்கும். இப்படிப்பட்டவர் கடலில் இறங்க வந்ததற்கு ஒரே காரணம் அவருடைய அக்கா யோகராணி.

ராணி அக்காவின் கணவர் தேவராஜா டொக்டர். சாம்பியாவில் வேலை பார்த்துவிட்டு, கரீபியனில் சென்ற் லூசியா என்ற தீவின் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு மாறிப் போயிருந்தார். பிள்ளைகள் இல்லை. வீட்டு விறாந்தையில் இருந்தால் கீழே குடா முழுக்கப் பாய்ப்படகுகள். ஒரு புதுவருசத்துக்குப் போன் எடுத்த அக்கா சொன்னா: "வெள்ளைக்காரன் பேரன் பேத்தியளோடை படகிலை தீவு தீவாய்த் திரியிறான் தம்பி. எங்களுக்கு என்ன குறை? நீ ஓட்டப் பழகு. லண்டனிலை இருந்து எங்கடை சின்னவன் சிறியையும் குடும்பத்தோடை கூப்பிடுவம். எல்லாருமாய் ஒரு கிழமை சுத்துவம்."

மான்லிக்குப் போகிற ஃபெரிப் படகில் ஏறினாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்திவிடுகிற ஆள் நித்தியானந்தன். ஆனாலும் அக்கா கேட்டு அவர் மாட்டேன் என்று சொன்னதில்லை. அதற்கும் ஒரு கதை உண்டு. அவர் கொழும்பில் கடைசிச் சோதனை எழுதிக்கொண்டிருந்தபோது ஊரில் தாயார் இறந்துபோனார். பெடியன் சோதனை எழுதட்டும், குழப்பக்கூடாது என்று சொந்தக்காரர் எல்லோரும் கூடிப் பேசி மறைத்துவிட்டார்கள். கடைசி மகன் என்று தம்பி சிறி கொள்ளி வைத்தான், மூத்தவருக்கு வாய்க்கரிசி போடவும் கிடைக்கவில்லை. கடைசித்தாள் எழுதிவிட்டு அவர் வெளியே வந்தபோது வாசலில் நின்றது அக்கா. ரயில் ஏறி வந்து, உண்மையைச் சொல்லி, தெருவென்றும் பாராமல் அவரைக் கட்டிக்கொண்டு அழுதவர் அவர் ஒருவர்தான். "இனி உனக்கு ஒண்டும் மறைக்கமாட்டன் தம்பி," என்று சொன்னவரும் அவர்தான்.

கல்யாணம் முடித்த புதிதில் நித்தியானந்தன் இதையெல்லாம் இராஜேஸ்வரிக்குச் சொல்லி, ஒரே ஒரு வரம் கேட்டார். "நீர் என்னோடை சண்டை பிடியும், கோவியும், என்னெண்டாலும் செய்யும். எதையும் மறைக்காதையும்." அவள் ஓம் என்றாள். அது பெரிய காரியமாக அவளுக்கு அப்போது தெரியவில்லை.

அலுவலகத்தில் கூட வேலை செய்த கென் என்ற வெள்ளைக்காரரிடம் சின்னப் பாய்ப்படகு ஒன்று இருந்தது. சனிக்கிழமைகளில் பரமட்டா ஆற்றில் ஓடுவார். நித்தியானந்தன் அவரோடு ஒட்டிக்கொண்டார். முதல் நாள் போய் வந்த கோலத்தைப் பார்த்து இராஜேஸ்வரி ஆளைக் குளியலறைக்குள் தள்ளி வெளியே பூட்டிவிட்டாள். ஆனால் மனிதர் விடவில்லை. வாந்தி வந்தால் தூரத்துக் கரையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், உள்ளே போய்ப் படுக்கக் கூடாது, இஞ்சித்துண்டு வாயில் இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டார். பிளாட்டின் உடுப்புக் கொடியெல்லாம் விதம் விதமான முடிச்சு. சட்டை காயப்போடப் போன இராஜேஸ்வரி அவிழ்க்கத் தெரியாமல் கத்தரிக்கோல் தேடியிருக்கிறாள். நூலகத்திலிருந்து அந்தக் கடல் பற்றிய புத்தகங்களைக் கொண்டுவந்து அடுக்கினார். ஆடும் அடுப்பில் புட்டு அவிக்க ஏலாது, பாணும் சம்பலும்தான். கோப்பையை உப்புத்தண்ணீரில் கழுவி, நல்ல தண்ணீரைக் குடிக்க மட்டும் வைக்க வேண்டும். பவளப்பாறை உள்ள இடத்துக்குள் நுழைவதென்றால் வெயில் உச்சியில் நிற்க வேண்டும், அப்போதுதான் கீழே கிடப்பது தெரியும். பத்து வயது மகள் வதனி, "Appa, we know," என்று காதைப் பொத்திக்கொள்வாள்.

எழுபத்தாறு டிசெம்பரில் பயணம் என்று மூன்று நாட்டிலும் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஹோம்புஷ் வீட்டில் அதுவரை அவ்வளவு சந்தோசமாக ஒரு வருசம் போனதில்லை.

அந்த ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, தகப்பனும் மகளும் ஆற்றுக்குப் போயிருந்தார்கள். இராஜேஸ்வரி குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. எடுத்தால் தேவராஜா.

"தங்கச்சி, தம்பி நிக்கிறாரோ?"

"இல்லை அண்ணை, படகுக்குப் போயிட்டார்."

"தெரியும். அதுதான் இப்ப எடுத்தனான்."

அவர் யாரோ ஒரு நோயாளியைப் பற்றிப் பேசுகிற மாதிரித்தான் பேசினார். ராணிக்கு ஈரலில் புற்றுநோய். வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது. பார்பேடோசுக்குக் கொண்டுபோய்க் காட்டியாயிற்று, அவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

"டிசெம்பர் வரைக்கும் தாங்காது தங்கச்சி. ஓகஸ்ட் எண்டால் எழும்பி நடப்பா, படகிலையும் ஏறுவா. அதுக்குப் பிறகு என்னாலை ஒண்டும் சொல்லேலாது."

"ஐயோ அண்ணை, இவருக்கு நான் என்னெண்டு சொல்லுறது?"

"சொல்லக்கூடாது. அதைச் சொல்லத்தான் எடுத்தனான். ராணி என்னட்டைச் சத்தியம் வாங்கிப்போட்டா. தம்பி அழுதுகொண்டு வாறதெண்டால் படகும் வேண்டாமாம், ஒண்டும் வேண்டாமாம். சிரிச்சுக்கொண்டு வரவேணுமாம். ஓகஸ்டிலை வரச்சொல்லி நான் கேக்கப்போறன். நீர்தான் எப்பிடியாவது அவரை ஓம் எண்ண வைக்கவேணும்."

எங்கள் ஆட்களின் இந்தப் புத்தியை என்னவென்று சொல்ல. தூர தேசத்தில் இருக்கிறவனுக்குக் கெட்ட செய்தி சொல்லக் கூடாதாம். பாவம், தனியாக இருக்கிறான், தாங்க மாட்டான். அந்தப் பாவம் பார்த்துப் பார்த்தே எத்தனை பேரைச் செத்தவீட்டுக்குப் பிந்திக் கூப்பிட்டிருக்கிறோம். பட்டவர்களே திரும்ப அதைச் செய்கிறார்கள். தாயின் சாவை மறைத்ததற்காகச் சொந்தக்காரரைத் தூற்றிய அதே ராணிதான், தன் சாவு என்று வந்ததும் அதே வேலையைத் தொடங்கினா. இராஜேஸ்வரியும், "சரி அண்ணை," என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தாள். பிறகு கத்தரிக்காய் கறுத்துப்போகும் வரைக்கும் அதன் முன்னால் நின்றாள்.

அடுத்த கிழமை தேவராஜா கேட்டார். நித்தியானந்தன் சிரித்தே விட்டார். "அத்தான், நீங்கள் அங்கையே இருக்கிறனீங்கள், உங்களுக்குத் தெரியாதோ? ஜூன் துவங்கி நவம்பர் வரைக்கும் சூறாவளிக் காலம். ஓகஸ்டிலை ஆரும் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு அங்கை பாய் விரிப்பினமோ?"

அதில் அவர் சொன்னது ஒன்றும் பிழையில்லை. அதுதான் கொடுமை. இராஜேஸ்வரி தன் பங்குக்கு வதனியின் ஓகஸ்ட் விடுமுறையைச் சொல்லிப் பார்த்தாள், குளிர்காலத்தில் இங்கே கிடந்து என்ன செய்வது என்றாள், லண்டன் ஆட்களுக்கும் அதுதான் வசதி என்றாள். ஒவ்வொன்றுக்கும் அவர் பொறுமையாகக் காற்றைப் பற்றி விளங்கப்படுத்தினார்.

கடைசியில் ராணி அக்காவே எடுத்தா. இராஜேஸ்வரி குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வீடு சின்னது. தொலைபேசியில் வருகிற குரலும் பாதி கேட்கும்.

"தம்பி, படகிலை பகலிலை படுத்துக்கொண்டு வரலாமோ?"

"ஏன், நீயென்ன மகாராணியோ?" என்று நித்தியானந்தன் பகிடி விட்டார். பிறகு தன் வழக்கப்படி தொடங்கினார். "படுக்கலாம் அக்கா. முன்னுக்கு மட்டும் படுக்காதை, தூக்கித் தூக்கிப் போடும். பின்னுக்கும் வேண்டாம். நடுவிலை, பாய்மரத்தடியிலை படு. அங்கைதான் ஆட்டம் குறைவு. நான் நிழலுக்குத் துணி கட்டித் தாறன்."

"ஏறேக்கை பாய்ஞ்சு ஏறவேணுமோ?"

"சீ, ரெண்டு பேர் கை குடுத்தால் போதும், பூப்போலை ஏத்திப்போடலாம்."

"சாப்பாடு வயித்திலை நிக்காட்டி?"

"வெறும் வயிறாய் இருக்கப்படாது. பிஸ்கற் கொஞ்சம், இஞ்சி கொஞ்சம். நான் எல்லாம் கொண்டாறன்."

அவர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினார். முகமெல்லாம் பெருமை. "பாத்தீரோ? இவ்வளவு பேரிலை அக்கா ஒராள்தான் சரியான கேள்வி கேக்கிறா," என்றார். இராஜேஸ்வரி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைக்கிற சாட்டில் உள்ளே போனாள்.

"ஓகஸ்டிலை வாவன் தம்பி," என்றது அந்தக் குரல்.

"அக்கா, நீயுமோ? குழந்தையள் வருகினம். கொஞ்ச மாதம் பொறு. கடல் எங்கையும் ஓடிப்போகாது."

"கடல் ஓடாதுதான்," என்று சொல்லி ராணி அக்கா சிரித்தா. பிறகு மச்சாள் இராஜேஸ்வரியிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, குரலைத் தாழ்த்தி, "ராசேஸ், சொல்லிப்போடாதை, என்ன? அவன் டிசெம்பர் எண்டால் டிசெம்பர்தான். நான் இருந்து பாக்கிறன்," என்றா.

அன்று சாப்பிடும்போது நித்தியானந்தன் கையைச் சோற்றுக் கோப்பையில் வைத்தபடி நிமிர்ந்தார். "இராஜேஸ், ஏன் எல்லாரும் ஓகஸ்ட் ஓகஸ்ட் எண்டு நிக்கினம்? எனக்குத் தெரியாமல் ஏதும் இருக்கோ?"

அவள் குசினி வாசலில் தண்ணீர்ச் செம்போடு நின்றாள். கல்யாணம் முடித்த புதிதில் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்தது. ஆனால் சாகப்போகிற ஒருத்தி இன்று மத்தியானம் கேட்ட வாக்கு அதைவிடக் கிட்ட நின்றது.

"வதனிக்கு அப்ப பள்ளிக்கூட லீவெல்லே. அதுதான்," என்றாள்.

"லீவு டிசெம்பரிலையும் இருக்குத்தானே," என்று அவர் குனிந்து சாப்பிடத் தொடங்கினார்.

ஓகஸ்ட் வந்தது, போனது. அந்தத் தீவுப் பக்கம் ஒரு காற்றும் அடிக்கவில்லை. கடல் குளம் போலக் கிடந்ததாகத் தேவராஜா பிறகு சொன்னார். வேலையால் வரும்போதெல்லாம் இராஜேஸ்வரி இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டுதான் ரயிலால் இறங்குவாள். வீட்டில் அவர் அக்காவுக்கென்று நிழல் துணிக்குக் கரை தைத்துக்கொண்டிருப்பார். அதைப் பார்த்துவிட்டு அவள் நேரே குசினிக்குள் போய்விடுவாள்.

ஒக்டோபரில் ஒரு காலைப்பொழுது தொலைபேசி அடித்தது. நித்தியானந்தன்தான் எடுத்தார். "சொல்லுங்கோ அத்தான்," என்று மட்டும் சொன்னார். கேட்டு முடித்து, ரிசீவரை ஒழுங்காக அதன் இடத்தில் வைத்துவிட்டுத் திரும்பினார். இராஜேஸ்வரி சுவரோடு சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

அவர் அவளையே பார்த்தார். "நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லையே," என்றார்.

அவள் கண்ணைத் துடைத்தாள்.

"எப்ப துவங்கித் தெரியும்?"

"ஜூலை."

"ஜூலை," என்று அவர் திருப்பிச் சொன்னார். தொலைபேசிப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். "சூறாவளி எண்டு நான்தான் சொன்னனான். ஆனால் அக்கா சாகப்போறா எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால், சூறாவளிக்குள்ளையும் போயிருப்பன் இராஜேஸ்," என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவளுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

சாம்பலைக் கரைக்காமல் தேவராஜா மைத்துனருக்காக வைத்திருந்தார். டிசெம்பரில் குறித்த நாளிலேயே நித்தியானந்தன் வெளிக்கிட்டார். "நீரும் பிள்ளையும் வரவேண்டாம்," என்றார், அவ்வளவுதான். இராஜேஸ்வரி அவருக்குத் துணிப் பையில்தான் அடுக்கிக் கொடுத்தாள். தைத்து முடித்த நிழல் துணியை அடியில் வைத்தாள். இஞ்சியும் வைத்தாள். விமான நிலையத்தில் அவர் மகளைக் கொஞ்சிவிட்டு, இவளிடம், "கதவைப் பூட்டிக்கொண்டு படும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பி வந்தவர், "ஒழுங்காய் முடிஞ்சுது," என்றதோடு சரி. என்ன நடந்தது, எங்கே கரைத்தார்கள், சிறி என்ன சொன்னான், ஒன்றும் சொல்லவில்லை. கேட்கும் உரிமை தனக்கில்லை என்று அவளும் கேட்கவில்லை. கொடியிலிருந்த முடிச்சுகளை அவரே அவிழ்த்தார். ஆற்றுக்குப் போவதை நிறுத்தினார். தீபாவளிக் கூட்டத்தில் யாரும் பயமில்லாமல் அவர் பக்கத்தில் இருந்து வடை சாப்பிடலாம் என்றாகிவிட்டது. வீட்டில் மரியாதைக்குக் குறைவில்லை. உப்பைத் தாரும், மகளுக்குச் சப்பாத்து வாங்கவேணும், இந்த மாதிரிப் பேச்சு நாள் முழுக்க நடந்தது. வாடகைக்கு இருக்கிற ஒரு நல்ல மனிதரோடு குடித்தனம் நடத்துகிற மாதிரி இராஜேஸ்வரி இருந்தாள். அவர் தன்னை ஒருநாள் ஏசுவார் என்று காத்திருந்தாள். அந்த நாள் வரவேயில்லை.

எழுபத்தெட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், மெல்பேணில் இருந்து ஆனந்தராஜா என்பவரும் மனைவி ரஞ்சினியும் வந்தார்கள். ஆனந்தராஜாவின் தமையன் டிரினிடாட்டில் இஞ்சினியர். குடும்பமாய்ப் படகு எடுக்கப் போகிறார்களாம், நித்தியண்ணையைக் கேட்டால் எல்லாம் சொல்லுவார் என்று யாரோ அனுப்பியிருந்தார்கள். குசினிக்குள் தேநீர் வைத்துக்கொண்டிருந்த இராஜேஸ்வரி, அவர் ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தாள். ஆனால் அந்தப் பழைய குரல்தான் கேட்டது.

"பெட்டி கொண்டு போகாதேங்கோ."

அவர் சொல்லிக்கொண்டே போனார். துணிப் பை, நல்ல தண்ணீர், உச்சி வெயில், எல்லாம் வந்தது.

"என்ரை மாமியாருக்குக் கால் ஏலாது அண்ணை, படுத்துத்தான் வருவா. அவவை எங்கை விடுறது?" என்று ரஞ்சினி கேட்டாள்.

"நடுவிலை. பாய்மரத்தடியிலை." அவர் கையால் நடு இடத்தைக் காட்டினார். "நான் அக்காவை அங்கைதான் வைச்சனான். சாம்பல் பானையைச் சேலையாலை சுத்தி, மேலை நிழலுக்குத் துணியும் கட்டினனான். அந்தக் கிழமை முழுக்கச் சாடையாய்க்கூட ஆடேல்லை. அவ கேட்டமாதிரியே படுத்துக்கொண்டு வந்தா. கடைசி நாள் காலமைதான் கரைச்சம்."

இராஜேஸ்வரி இதை அன்றுதான் கேள்விப்பட்டாள். தேநீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தவள் குசினி வாசலிலேயே நின்றாள்.

"இன்னும் ஒண்டு," என்றார் அவர். "உங்கடை ஆக்கள் ஆரும் காலம் தப்பின காலத்திலை வாங்கோ எண்டு கேட்டால், காத்தைப் பற்றி விளங்கப்படுத்த வெளிக்கிடாதேங்கோ. முதல்லை ஏனெண்டு கேளுங்கோ. நான் கேக்கேல்லை."

ஆனால் அவர் அன்று கேட்டவர். இதே வாசலில்தான் அவள் செம்போடு நின்றாள். மறந்துவிட்டாரா, அல்லது வந்தவர்கள் முன்னால் மனைவியைக் காட்டிக்கொடுக்காமல் தன் தலையில் போட்டுக்கொள்கிறாரா என்று அவளுக்கு விளங்கவில்லை. இத்தனை நாளும் ஏச்சு வரும் என்று நெஞ்சைக் கல்லாக்கி வைத்திருந்தவளுக்கு இதைத் தாங்க முடியவில்லை. முன்னால் வந்து தட்டை மேசையில் வைத்தாள்.

"இல்லைத் தங்கச்சி," என்றாள் ரஞ்சினியைப் பார்த்து. "இவர் கேட்டவர். பள்ளிக்கூட லீவு எண்டு பொய் சொன்னது நான்."

விருந்தாளிகள் இருவரும் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நித்தியானந்தன் எவ்வளவோ காலத்துக்குப் பிறகு மனைவியை நேராகப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

"ஓம், கேட்டனான்," என்றார். "ஒருக்காத்தான் கேட்டனான், இராஜேஸ். உம்மடை முகத்தைப் பாத்தனான். ரெண்டாந்தரம் கேக்கப் பயமாயிருந்தது."

அவள் அவருக்குப் பக்கத்துக் கதிரையை இழுத்து இருந்தாள். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. அதை யாரும் எடுக்கவில்லை.